முதல் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எலெக்ட்ரிக் கிட்டார் கற்கத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் ஆனபின், முதலில் வாங்கிய விலை குறைந்த கருவி இனிப் போதாது என்ற எண்ணம் பெரும்பாலோருக்கு வருகிறது. அந்த எண்ணம் சரிதானா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும். அதற்கு, கையிலுள்ள கிட்டாரை அனுபவமுள்ள ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து முழுமையாக செட்டப் செய்து வாங்குங்கள். அவர் புதிய தந்திகள் மாட்டுவார். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடைத் திருகி அதன் வளைவைச் சரிசெய்வார். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளில் 12-ஆவதற்கு மேல் தந்தி நிற்கும் உயரத்தை 1.5 முதல் 2 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்து, ஸ்வரங்கள் பிசகாதபடி, உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜையும் நகர்த்தி வைப்பார். விரலை வருத்துகிறது என்று ஒதுக்கிவைத்த கிட்டார்கள் பல, இந்த ஒரு வேலைக்குப் பிறகு வேறு கருவிபோல் மாறிவிடுவதைக் காணலாம்.

அதற்குப் பின்னும் குறை தெரிந்தால், இரண்டு வாரம் வாசித்து அது என்ன குறை என்று எழுதிவையுங்கள். தந்தியை இழுத்துவிட்டபின் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாமல் போகலாம். மேல் ஸ்வரங்களுக்கு விரல் எட்டாமல் இருக்கலாம். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் போட்டவுடன் இரைச்சல் தாங்க முடியாததாக இருக்கலாம். வாங்கப்போகும் கிட்டாரை இந்தக் குறிப்போடு ஒப்பிட்டுத்தான் எடைபோட வேண்டும். பிடித்த கலைஞர் எந்தக் கம்பெனிக் கருவியை வைத்திருக்கிறார் என்பது இதற்கு உதவாது.

கடையில் நிற்கும்போது மனத்தில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கருவியில் எதைப் பின்னால் மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது? பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), சுருதித் திருகுகள், நட் (தலைப் பக்கம் தந்திகளைத் தாங்கும் கட்டை), சுவிட்ச் ஆகியவற்றைத் திருப்புளியும் சால்டரிங் அயர்னும் கொண்டு ஒரே நாளில் மாற்றிவிடலாம். கழுத்தின் பருமன், தந்தியின் நீளம், கருவியின் எடை, பிரிட்ஜின் வகை ஆகியவை வாங்கிய நாளில் எப்படியோ அப்படியே இருக்கும். கழுத்தைத் திருகுகளால் இணைத்த கிட்டார்களில் கழுத்தை மாற்றலாம் என்றாலும், நல்ல கழுத்தின் விலை பல வேளைகளில் ஒரு நடுத்தரக் கிட்டாரின் விலையை நெருங்கிவிடும். எனவே மாற்ற முடியாதவற்றைக் கொண்டே தேர்வு செய்யுங்கள்.

தந்தியின் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு அது 25.5 அங்குலம், 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பாலுக்கு ஏறத்தாழ 24.75 அங்குலம். முக்கால் அங்குல வித்தியாசம் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்தாலும், அதே தந்தியை அதே சுருதியில் கட்டும்போது குறுகிய ஸ்கேலில் இழுவிசை சுமார் ஆறு விழுக்காடு குறைகிறது. சிறிய கை உடையவர்களுக்கும் தந்தியை நிறைய இழுத்து வாசிப்பவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும்.

அடுத்தது விரற்பலகையின் குறுக்கு வளைவு. பழைய ஃபெண்டர்களில் இருந்த 7.25 அங்குல வளைவு ஆரம் கார்டு பிடிக்க வாகானது. ஆனால் தந்தி தாழ்வாக இருக்கையில் மேலே இழுத்தால், ஸ்வரம் பாதியில் செத்துவிடும். ஆரம் கூடக் கூடப் பலகை தட்டையாகும்; இன்றைய ஃபெண்டர்களில் பரவலாக உள்ள 9.5 அங்குலமும், கிப்சனின் 12 அங்குலமும் அந்தச் சிக்கலைக் குறைக்கின்றன. கிட்டாரில் கர்நாடக இசையின் கமகங்களை வாசிக்க விரும்புவோர், தட்டையான விரற்பலகையும் உயரமான ஃப்ரெட்டும் உள்ள கருவியையே நாட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஃப்ரெட்டில் நின்று ஒன்றரை ஸ்வரம் இழுக்கும்போது அந்த உயரம்தான் விரலுக்குப் பிடி கொடுக்கிறது.

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது ஃப்ரெட்டுகளைச் சோதிப்பதில்தான். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. மெழுகை இளக்கி அவற்றைத் திருத்தி அமைக்கலாம். கிட்டாரின் ஃப்ரெட்டுகளோ மரத்தில் அறுத்த காடிக்குள் அடித்து இறக்கப்பட்டவை. அவை ஏற்றத்தாழ்வாக இருந்தால் அராவிச் சமன்செய்யவோ, முழுவதும் பிடுங்கி மாற்றவோ வேண்டியிருக்கும், இரண்டுமே செலவு மிக்க வேலை. ஆகவே ஆம்பில் (ஒலிபெருக்கியில்) இணைக்கும் முன்பே, ஆறு தந்திகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக வாசித்துப் பாருங்கள். எங்காவது அதிர்வுச் சத்தமோ மந்தமான ஸ்வரமோ வருகிறதா என்று கேளுங்கள். முதல் தந்தியை 12 முதல் 17-ஆம் ஃப்ரெட் வரை ஒரு முழு ஸ்வரம் இழுத்துப் பாருங்கள். கழுத்தின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை ஓட்டினால், ஃப்ரெட்டின் முனை குத்துகிறதா என்பது தெரிந்துவிடும். மரம் காய்ந்து சுருங்கும்போது முனைகள் வெளியே நீட்டிக்கொள்வது வழக்கம்.

பிறகு டியூனரை வைத்து, 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் ஸ்வரம்) அழுத்தி வாசித்த ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள்; இரண்டும் ஒத்திருக்க வேண்டும். உட்கார்ந்து மட்டும் வாசிக்காமல் பட்டி மாட்டி நின்றும் வாசியுங்கள். உடல் லேசாகவும் தலை கனமாகவும் உள்ள கிட்டார்கள் நிற்கும்போது கழுத்துப் பக்கம் சரியும். நான்கு கிலோவைத் தாண்டும் கருவி பத்து நிமிடத்தில் தெரியாத வலியை ஒரு மணி நேரத்தில் காட்டும்.

பிரிட்ஜைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஃப்ளாய்டு ரோஸ் போன்ற மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியின் சுருதியை மாற்றினால் மற்ற ஐந்தும் கலையும். தந்திகளை ஒருசேரத் தளர்த்தி இறுக்க அதில் உள்ள விசைக்கம்பி உங்கள் இசைக்கு உண்மையில் தேவைப்பட்டால் ஒழிய, அசையாத பிரிட்ஜே நல்லது.

பிக்கப்பில் அடிப்படை வேறுபாடு இரண்டு வகைதான். ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவாகவும் கூர்மையாகவும் ஒலிக்கும். ஆனால் சுற்றிலும் உள்ள மின்கம்பிகளின் ஹம் சத்தத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரில், காந்த முனைகளும் சுற்றுத் திசையும் எதிரெதிராக அமைந்த இரண்டு சுருள்கள் உண்டு. அவற்றில் தந்தியின் ஒலி கூடுகிறது, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இன்னும் ஒரே பாணியில் நிலைகொள்ளாதவர்களுக்கு, பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் ஒற்றைச் சுருளும் உள்ள அமைப்பையே நான் பரிந்துரைப்பேன். யமஹா பசிஃபிக்கா 112வி இந்த அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஹம்பக்கரில் ஒரு சுருளை மட்டும் தனியே இயக்கும் வசதியும் உண்டு.

மரத்தைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையச் சொல்வார்கள். விரற்பலகைக்குப் பெயர்பெற்ற இந்திய ரோஸ்வுட் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான். 2017-இல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, நிறுவனங்கள் பல மாற்று மரங்களுக்குப் போயின. முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தும் அந்த மரங்கள் நிலைத்துவிட்டன. பட்டியலில் 'இந்தியன் லாரல்' என்று போட்டிருப்பது கருமருது. நன்றாகச் செதுக்கிய கருமருதுப் பலகையை, ஈட்டி இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம்.

பணம் முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிடாதீர்கள். ஆறரை அங்குல ஸ்பீக்கர் உள்ள பயிற்சி ஆம்பில், விலை உயர்ந்த பிக்கப்பின் நயம் பாதிகூட வெளியே வராது. கடையில் சோதிக்கும்போது உங்கள் பழைய கிட்டாரையும் எடுத்துச்சென்று, ஒரே ஆம்பில், ஒரே அமைப்பில், எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் மாற்றி மாற்றி வாசியுங்கள். கிட்டாரில் அதிக வித்தியாசம் கேட்கவில்லை என்றால், தேவைப்படுவது வேறு ஆம்பாக இருக்கலாம்.

பழைய கிட்டார் வாங்குவது, பொறுமை உள்ளவர்களுக்கு, அதே பணத்தில் ஒரு படி மேலான கருவியைத் தரும். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் தந்தி பதிந்த பள்ளம் ஆழமாக இருக்கிறதா, டிரஸ் ராடு இன்னும் திரும்புகிறதா என்று பாருங்கள். லெஸ் பால் வகையில் பின்னோக்கிச் சாய்ந்த தலை கழுத்தோடு சேரும் இடத்தில், ஒட்டுப் போட்ட விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கத் தவறாதீர்கள். எல்லாக் குமிழ்களையும் திருப்பி, கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். அது மட்டுமே குறையென்றால் சிறு செலவில் தீரும், விலை பேசவும் உதவும்.

வீட்டுக்கு வந்ததும், இனி எப்போதும் பயன்படுத்தப்போகும் தந்திப் பருமனை, அது 9 ஆனாலும் 10 ஆனாலும் (முதல் தந்தியின் பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), முடிவு செய்து அதற்கேற்பப் புதிய கருவியையும் ஒருமுறை செட்டப் செய்துகொள்ளுங்கள். பழைய கிட்டாரை உடனே விற்க வேண்டியதில்லை; அதற்குக் கிடைக்கும் பணம் சொற்பம், வேறு சுருதியில் கட்டி வைத்துக்கொள்ள இரண்டாவது கருவி ஒன்று எப்போதும் பயன்படும்.