தொழிற்சாலை பஸ்ஸில் நாவல் படிப்பது எப்படி

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸுக்குப் போகும் எங்கள் தொழிற்சாலை பஸ் காலை ஐந்தேகாலுக்கு முச்சந்தியில் வந்து நிற்கும். ஏழு மணி ஷிப்ட். தீவுக்குப் போகும் கடல் பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆள் ஏறினதும் டிரைவர் உள்விளக்கை அணைத்துவிடுவார். முன்சீட்டில் ஒரு குறட்டை, பின்சீட்டில் இன்னொன்று. அந்த இருட்டில் அச்சுப் புத்தகத்தைத் திறந்து என்ன பண்ண? அப்படித்தான் மின்னூலுக்கு வந்தேன். ஆசைப்பட்டு வந்தவள் இல்லை, வேறு வழியில்லாமல் வந்தவள். வந்த பிறகு இந்தப் பயணத்திலேயே எத்தனையோ நாவல் முடித்தாயிற்று. எப்படி என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். புதுக் கருவி எதுவும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் போன் போதும். ஒரு நாவலை அதில் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த பிறகு கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். போனில் படிக்க முடியவில்லை என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்து இழுத்து வெறுத்துப் போனவர்கள். அது கண்ணின் குற்றமும் இல்லை, போனின் குற்றமும் இல்லை, கோப்பின் குற்றம்.

பிடிஎஃப் என்பது அச்சுத்தாளின் படம் மாதிரி. தாள் என்ன அளவோ அதே அளவில்தான் நிற்கும். இபப் (EPUB) என்று இன்னொரு வகை இருக்கிறது, அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் வந்து உட்காரும். தமிழுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் நம் சொற்கள் நீளம், 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் சின்னத் திரையில் அதுவே ஒரு வரி. ஆகவே இபப் கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் 6 அங்குல பிடிஎஃப், அதுவும் சின்னத் திரைக்காகவே செய்தது. ஏ4 பிடிஎஃப் எல்லாம் மேசைக் கணினிக்கு. கோப்பின் கனத்தையும் பாருங்கள். படமில்லாத நாவல் இபப்பில் ஒன்றிரண்டு எம்பிக்கு மேல் போகாது, அதே புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்திருந்தால் ஐம்பது, நூறு என்று போகும். தோட்டத்துப் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும், செம்பனைக்குள் போய்விட்டால் இணையம் ஒரு கோடு காட்டும், அதுவும் அடுத்த நிமிடம் போய்விடும். டவுனுக்கு வரும்போது மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஒரு தே தாரிக் டீ வாங்கி வைத்துக்கொண்டு மாதத்துக்கு வேண்டிய நான்கைந்து புத்தகங்களை இறக்கிவிடுங்கள். அப்புறம் படிக்க இணையமே தேவையில்லை.

கோப்பு நல்லதா என்று பார்க்க என்னிடம் ஒரு சின்னச் சோதனை உண்டு. புத்தகத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் 'அம்மா' என்று தட்டுங்கள். அம்மா வராத தமிழ் நாவல் அபூர்வம். கண்டுபிடித்துக் கொடுத்தால் அது யூனிகோடு, எல்லாக் கருவிக்கும் புரியும் பொது எழுத்துமுறை, நல்ல கோப்பு. ஒன்றுமே கிடைக்காவிட்டால் பெரும்பாலும் அது வெறும் படம். திறந்ததும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கொட்டிக் கிடந்தால் பழைய எழுத்துருவில் தட்டியது, விட்டுவிட்டு வேறு பதிப்பு தேடுங்கள். இன்னொன்று, 'கொ', 'மௌ' போன்ற எழுத்துகளைப் பாருங்கள். கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் ஒன்று தெரிந்தால் அந்தச் செயலிக்கோ கருவிக்கோ தமிழ் சரியாகத் தெரியாது என்று அர்த்தம்.

சரி, புத்தகம் எங்கே? மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியது, தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் தட்டிச் சேர்த்தது, சங்க இலக்கியத்திலிருந்து பழைய நாவல்கள் வரை இலவசம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற தளம் 2013லிருந்து இருக்கிறது, எழுத்தாளர்களே பகிரலாம் என்று அனுமதி கொடுத்த நூல்கள், இபப்பும் 6 அங்குல பிடிஎஃப்பும் அங்கே கிடைக்கும். ஈழத்து நூல் வேண்டுமென்றால் 'நூலகம்' என்ற தளம். பழைய பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம், ஆனால் அங்கே பெரும்பாலும் ஸ்கேன் படங்கள், போனுக்கு ஒத்துவராது, ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

எது சட்டப்படி இலவசம் என்று சிலருக்குக் குழப்பம். தமிழ்நாட்டு அரசு சில எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து, யாரும் வெளியிடலாம் என்று விட்டிருக்கிறது. பாரதியின் எழுத்து 1949லேயே அரசின் கைக்கு வந்துவிட்டது, கல்கியுடையது 1999ல் நாட்டுடைமையானது. மற்றபடி மலேசியச் சட்டத்தில் எழுதியவர் இறந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு ஆன பிறகுதான் பதிப்புரிமை தீரும். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் போன மாதப் புத்தகம் உங்கள் குழுவில் பிடிஎஃப்பாக வந்தால் அது திருட்டு, இதில் பேச ஒன்றுமில்லை. எனக்கும் ஒருமுறை ஒரு குழுவில் இருநூறு பிடிஎஃப் ஒரே மூச்சில் வந்தது. எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன், போன் நிறைந்து படம் எடுக்க இடமில்லாமல் போனது, அதில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. கடன் வாங்கிய சட்டி மாதிரி அது கிடந்தது, நம்முடையது என்ற எண்ணமே வரவில்லை.

நம் நாட்டு எழுத்தாளர்களின் நூல்கள் மின்னூலாகக் கிடைப்பது குறைவு. அதற்கு வழி நூல் வெளியீட்டுக்குப் போவதுதான். உறையில் வைத்துப் பணம் கொடுத்து வாங்கும் நம் வழக்கம் எனக்குப் பிடிக்கும், இப்போது மேசையில் போனில் பணம் கட்ட டூயிட்நவ் கியூஆர் அட்டையும் வைத்துவிடுகிறார்கள். அந்தப் புத்தகங்களை நான் தாளில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் தாளை நம்பி மட்டும் இருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்து வீட்டில் அப்பா ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகமும், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைத் தைத்துக் கட்டிய தொகுப்புகளும் வைத்திருந்தார். தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு மாறும்போது திறந்தால் பாதியைக் கரையான் தின்றிருந்தது, மிச்சம் ஈரத்தில் ஒட்டிப் பலகையாகிக் கிடந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மட்டும் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார். நம் ஊர் மழைக்குப் புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், பெட்டிக்குள் பூட்டியும் வைக்காதீர்கள், காற்று படும்படி நிமிர்த்தி வையுங்கள், மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் தட்டினால் ராமபாணப் பூச்சி குடியேறாது.

இப்போது அமைப்பு. ரீட்எரா போன்ற விளம்பரமில்லாத செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், கூகுள் பிளே புக்ஸும் பரவாயில்லை, நம் சொந்த இபப் கோப்பை அதிலும் ஏற்றலாம். திறந்ததும் எழுத்தை நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி பெரிதாக்குங்கள். வரி இடைவெளியைக் கூட்டுங்கள், நமக்குக் கொம்பும் சுழியும் மேலும் கீழும் போவதால் வரிகள் நெருங்கினால் கண் தடுமாறும். இரண்டு ஓரமும் சமமாக நிற்கும்படி இருப்பதை மாற்றி இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக வைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீளமான சொல் அடுத்த வரிக்கு ஓடிவிட, மேல் வரியில் பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரியும். பின்னணியை வெள்ளையிலிருந்து பழுப்பு மஞ்சளுக்கு மாற்றுங்கள், இருட்டு பஸ்ஸில் வெளிச்சத்தைக் கடைசிவரை இறக்குங்கள், பக்கத்தில் தூங்குகிறவர் திட்டமாட்டார். எழுத்துரு பிடிக்காவிட்டால் நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம், அச்சுப் புத்தகத்தின் சாயல் வரும். ஐபோன்காரர்களுக்கு ஒரு தகவல், உங்கள் போனில் இருக்கும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துரு நம் மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் செய்தது, தமிழ் தட்ட உதவும் முரசு அஞ்சலும் செல்லினமும் அவருடைய கைவேலைதான். அமெரிக்கக் கம்பெனியின் போனுக்குள் நம் ஆள் வரைந்த 'ழ' இருக்கிறது என்பதில் எனக்கு இன்னும் ஒரு அற்ப சந்தோஷம்.

இதையெல்லாம்விடக் கஷ்டமான வேலை ஒன்று இருக்கிறது, வாட்ஸ்அப்பை வாயடைப்பது. ஏறி உட்கார்ந்ததும் விமானப் பயன்முறை. அவ்வளவுதான், இதற்கு வேறு தந்திரம் கிடையாது. முதல் வாரம் கை அரிக்கும். நான் காலையில் இருபது பக்கம், திரும்பும்போது இருபது பக்கம் என்று வைத்திருக்கிறேன், முந்நூறு பக்க நாவல் எட்டு வேலை நாளில் முடியும். இரவு ஷிப்ட் வாரத்தில் கணக்கு பார்க்க மாட்டேன், அந்த வாரம் கண் திறந்திருந்தாலே பெரிது. பஸ்ஸில் தலை சுற்றுகிறவர்கள் வளைவு முடியும்வரை பொறுத்திருந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் தொடங்குங்கள். பாலத்தின் மேல் வண்டி நகராமல் நிற்கும் நேரம் இருக்கிறதே, அதைப்போல் படிக்கத் தோதான இடம் எங்கள் டவுனில் இல்லை. இருபக்கமும் கடல், விடிகிற வெளிச்சம், எல்லாரும் நெரிசலைத் திட்டிக்கொண்டிருக்க நான் மட்டும் இன்னும் ரெண்டு பக்கம், இன்னும் ரெண்டு பக்கம் என்று வேண்டிக்கொண்டிருப்பேன். பக்கத்து சீட் மலாய் அக்கா எட்டிப் பார்த்து "பாச்சா அப்பா?" என்பார், என்ன படிக்கிறாய் என்று. நானும் எனக்குத் தெரிந்த மலாயில் கதை சொல்லத் தொடங்கி, இப்போது அவர் நேற்று விட்ட இடத்திலிருந்து கேட்கிறார். கதாநாயகியின் மாமியாரை அவருக்கு அறவே பிடிக்கவில்லை.

அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வாங்கலாமா என்று கேட்பீர்கள். முன்னே சொன்னபடி ஒரு நாவல் போனில் முடித்திருந்தால் வாங்கலாம். அதன் திரை மின்மை (இ-இங்க்), தாளில் அச்சடித்த மாதிரி இருக்கும், வெயிலில் கண் கூசாது, பக்கம் திருப்பும்போதுதான் மின்சாரம் தின்னும் என்பதால் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும், முக்கியமாக அதில் வாட்ஸ்அப் இல்லை. அமேசான் இந்தியா 2016 கடைசியில் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கிய பிறகு புதுப் புத்தகங்களும் நிறைய வந்துவிட்டன. இலவச இபப் கோப்புகளை 'செண்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பி அதிலேயே படிக்கலாம். ஆனால் அங்கே காசு கொடுத்து வாங்கும் நூல் உங்கள் சொத்து என்று நினைக்காதீர்கள், படிக்க உரிமை மட்டும்தான். 2025 பிப்ரவரியோடு வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். திரும்பத் திரும்பப் படிப்பேன் என்று தெரிந்த புத்தகத்தை நான் தாளில் வாங்குகிறேன், ஒருமுறை படித்து வைக்கும் துப்பறியும் கதையெல்லாம் கருவியில்.

கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒருமுறை போனைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன், திரும்பி வந்தபோது பிறந்த குழந்தை மாதிரி வெறுமையாக வந்தது. இப்போது ஒரு படி கூகுள் டிரைவில், ஒரு படி தம்பியின் மடிக்கணினியில். எழுத்தாளர் பெயர், நூல் பெயர் என்று கோப்புக்குப் பெயர் மாற்றி வையுங்கள், எண்ணும் கோடுமாக விட்டால் ஆறு மாதத்தில் எது எதுவென்று தெரியாது. கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருள் இருந்தால் அடுக்குவதற்கும் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவதற்கும் அது ஒன்றே போதும்.

வருமான வரி கட்டுகிறவர்கள் புத்தகக்கடை ரசீதைக் கசக்கி எறியாதீர்கள். மலேசிய வருமான வரியின் வாழ்க்கைமுறைக் கழிவில் ஆண்டுக்கு 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரை புத்தகம், சஞ்சிகை, போன், இணையக் கட்டணம் எல்லாம் சேரும், இணையக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள். வெப்பத்தில் ரசீதின் மை பறந்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, படிக்க முடியாதவர்களுக்கு. அம்மா முப்பது வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர், நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது, இப்போது கண்புரை வேறு. என் பழைய போனில் அமைப்புகளுக்குள் போய், எழுத்தைப் பேச்சாக்கும் இடத்தில் கூகுளின் தமிழ்க் குரலை ஒருமுறை இறக்கிவிட்டேன், அப்புறம் இணையம் இல்லாமலே செயலி புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறது. கவிதையைக் கொன்றுவிடும், வட்டார வழக்கு வந்தால் திக்கும், நேரான உரைநடை என்றால் பரவாயில்லை. வேகத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். தானாக நிற்கும் நேரத்தையும் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் கேட்கிறவர் தூங்கிய பிறகும் கதை ஓடிக்கொண்டே இருக்கும். போன வாரம் இரவு ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வீட்டுக்கு வந்தால், அம்மா பசியாறக்கூட இல்லாமல் வாசலில் நிற்கிறார்.

"ஏம்மா, அந்தக் கங்காணி மக என்ன ஆனா? பாதியில நின்னு போச்சு, எனக்குத் திரும்பப் போடத் தெரியல."

சார்ஜ் தீர்ந்திருந்தது. சொருகிவிட்டுப் படுத்தேன்.