தவறு பெரும்பாலும் கோட்டுக்குக் கீழேதான்

ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டுகிறோம். ஒரு தலையாவது விழ நிகழ்தகவு எவ்வளவு? 2/3 என்று எழுதும் மாணவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது. 1754-இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில் தாலம்பேர் என்ற கணித மேதை எழுதியதும் அதே விடைதான். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் வேலை முடிந்தது. பூ விழுந்தால் மறுபடி சுண்ட வேண்டும், அப்போது தலையோ பூவோ விழும். ஆக மூன்று வழிகள், அவற்றில் இரண்டு நமக்குச் சாதகம் என்பது அவர் வாதம்.

வழிகளை எண்ணியதில் பிழையில்லை. அந்த மூன்றுக்கும் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. முதலிலேயே தலை விழப் பாதி வாய்ப்பு. மற்ற இரண்டுக்கும் கால் கால்தான். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்கையும் எழுதிவிட்டால் விடை 3/4 என்று தானே வந்து நிற்கும்.

தேர்வுக்கு முன் நிகழ்தகவு, புள்ளியியல் பாடங்களைத் திருப்பிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் மதிப்பெண் போவது பின்னத்தின் கோட்டுக்குக் கீழே என்ன எழுதுவது என்று நின்று யோசிக்காததால். பகுதியில் வருவது எந்த எண், அது ஏன் அங்கே வருகிறது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வரலாம்.

இரண்டு பகடை, 36 விளைவுகள்

இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 2 முதல் 12 வரை வரும். மொத்தம் 11 கூடுதல்கள். ஆகவே 7 வருவதற்கு 1/11 என்று எழுதினால் அது தாலம்பேரின் தவறேதான். ஒரு பகடை சிவப்பு, இன்னொன்று நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் 2, நீலத்தில் 5 என்பது வேறு; சிவப்பில் 5, நீலத்தில் 2 என்பது வேறு. இப்படி எண்ணினால் கூறுவெளியில், அதாவது வரக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலில், 36 விளைவுகள். 7 கிடைப்பது அவற்றில் 6 வழிகளில். ஆக 6/36, அதாவது 1/6. ஆனால் 2 கிடைக்க ஒரே வழிதான்.

இதைப் புரிந்துகொண்டதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். (3, 3) என்பதையும் திருப்பிப் போட்டு இரண்டு முறை எண்ணுவார்கள். சிவப்பிலும் 3, நீலத்திலும் 3; திருப்பினால் புதிதாக என்ன வந்துவிடும்? அது ஒன்றுதான்.

மூன்று பகடைகளில் இந்தக் குழப்பம் கலிலியோவின் மேசை வரை போயிருக்கிறது. கூடுதல் 9-ஐ ஆறு விதமான மூன்றெண் சேர்க்கைகளால் பெறலாம், 10-ஐயும் அப்படியே ஆறால் பெறலாம். பிறகு ஏன் 10 சற்று அதிகமாக விழுகிறது என்பது கேள்வி. வரிசையையும் கணக்கில் எடுத்து அவர் எண்ணிக் காட்டினார்: 216 விளைவுகளில் 9-க்கு 25, 10-க்கு 27. 3-3-3 ஒரே வழியில்தான் விழும், 4-3-3 மூன்று வழிகளில் விழும். வித்தியாசமெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

சரி, இதே இடத்தில் இன்னொரு சின்னச் சறுக்கல். பையில் 3 சிவப்புப் பந்து, 5 நீலப் பந்து. சிவப்பு கிடைக்க 3/5 என்று எழுதுவது. அது சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதம். நிகழ்தகவில் கீழே வர வேண்டியது மொத்தம், விடை 3/8.

பந்தைத் திருப்பிப் போட்டோமா?

பையில் 5 சிவப்பு, 3 நீலம். அடுத்தடுத்து இரண்டு பந்துகளை எடுக்கிறோம். இரண்டும் சிவப்பாக இருக்க வேண்டும். முதல் பந்தைத் திருப்பிப் போட்டால் 5/8 × 5/8 = 25/64. போடாவிட்டால் பையில் மிச்சம் 7 பந்துகள், அவற்றில் சிவப்பு 4: 5/8 × 4/7 = 20/56 = 5/14. வினாவில் ‘திருப்பி வைக்காமல்’ என்ற இரண்டு சொற்களை அவசரத்தில் தாண்டிவிட்டால் மொத்தக் கணக்கும் போச்சு. மேலே இருக்கும் எண்ணைக் குறைத்துவிட்டுக் கீழே 8-ஐ அப்படியே விட்டுவைக்கிறவர்களும் உண்டு. ‘ஒரே நேரத்தில் இரண்டு பந்துகள்’ என்று கேட்டால் அதுவும் திருப்பி வைக்காமல் எடுப்பதுதான்.

‘அல்லது’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் கூட்டிவிடுவது அடுத்த பழக்கம். 1 முதல் 20 வரை உள்ள எண்களில் ஒன்றை எடுக்கிறோம். அது 2-இன் மடங்காகவோ 3-இன் மடங்காகவோ இருக்க வேண்டும். 2-இன் மடங்குகள் 10, 3-இன் மடங்குகள் 6. ஆகவே 16/20? இல்லை. 6, 12, 18 மூன்றும் இரண்டு பட்டியலிலும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு முறை எண்ணியதை ஒருமுறை கழித்தால் 13/20.

‘குறைந்தது ஒரு முறை’ என்ற வகை இதைவிட மோசமாகக் காலை வாரிவிடும். பகடையை இரண்டு முறை உருட்டினால் ஒரு 6-ஆவது விழ 1/6 + 1/6 = 1/3 என்று தோன்றும். அதே வழியில் போனால் ஆறு முறை உருட்டும்போது நிகழ்தகவு 1 ஆகிவிடும், அதாவது 6 விழுந்தே தீரும். ஒரு பகடையை எடுத்து உருட்டிப் பாருங்கள், அது எவ்வளவு பொய் என்று சீக்கிரம் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட வினாவில் நடக்காமல் போகும் பக்கத்திலிருந்து வருவதுதான் சுலபம். இரண்டு முறையும் 6 விழாமல் இருக்க 5/6 × 5/6 = 25/36; மீதி 11/36 நமக்கு வேண்டிய விடை. ஆறு முறைக்கு இதே வழியில் போட்டால் ஏறத்தாழ 0.67 வரும். நிகழ்தகவு 1-ஐத் தாண்டினாலோ பூச்சியத்துக்குக் கீழே போனாலோ எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்துவிட வேண்டியதுதான். விடைத்தாளில் 7/6 என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டு வைப்பவர்களை என்ன சொல்வது!

நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது

ஐந்து முறை தொடர்ந்து தலை விழுந்துவிட்டது. அடுத்தது பூவாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லும். 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று நம்பிப் பணம் கட்டிக்கொண்டே போனவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்குப் பழைய கணக்கு எதுவும் தெரியாது, நாணயத்துக்கும் அப்படித்தான். ஆறாவது முறையும் 1/2.

நிறைய முறை சுண்டினால் பாதிக்குப் பாதி வரும் என்கிறார்களே, அது பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை. ஆனால் நெருங்குவது விகிதம். எண்ணிக்கை வித்தியாசம் மறைந்தாக வேண்டும் என்று இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிச் என்ற கணிதவியலர் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்து வைத்தார். தலை 5,067 முறை. சரிபாதியை விட 67 அதிகம். ஆனாலும் விகிதம் 0.5067, பாதிக்கு வெகு அருகில். நூறு முறை சுண்டி 55 தலை வந்தால் அதிகம் 5 மட்டும்தான், ஆனால் விகிதம் 0.55. கீழே உள்ள எண் பெரிதாகப் பெரிதாக மேலே உள்ள வித்தியாசத்தின் கனம் குறைகிறது, அவ்வளவுதான். செய்து பார்த்துக் கிடைத்த நிகழ்தகவும் கணக்கிட்டு வந்த நிகழ்தகவும் வேறுபட்டால் உடனே நாணயத்தைச் சந்தேகிக்க வேண்டாம் என்பதும் இதிலிருந்தே புரியும். பத்து முறை சுண்டிவிட்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

சராசரி கணக்கில் வரிசைகளை எண்ணுவது

இனிப் புள்ளியியல். இங்கேயும் அதே கோடு, அதே கீழ்ப்பக்கம். 20 மாணவர்கள் ஒரு மாதத்தில் படித்த புத்தகங்கள்: 0 படித்தவர்கள் 3 பேர், 1 படித்தவர்கள் 5, 2 படித்தவர்கள் 6, 3 படித்தவர்கள் 4, 4 படித்தவர்கள் 2. மொத்தப் புத்தகங்கள் 0 + 5 + 12 + 12 + 8 = 37. அட்டவணையில் ஐந்து வரிசைகள் இருக்கின்றன என்பதால் 37-ஐ 5-ஆல் வகுத்து 7.4 என்று எழுதுவது நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. ஒருவர்கூட 4 புத்தகத்துக்கு மேல் படிக்காதபோது சராசரி 7.4 எப்படி வரும்? சராசரி எப்போதும் மிகச் சிறிய மதிப்புக்கும் மிகப் பெரிய மதிப்புக்கும் இடையில்தான் இருக்கும்; இதை மட்டும் சரிபார்த்தாலே இந்தத் தவறு பிடிபடும். வகுக்க வேண்டியது ஆட்களின் எண்ணிக்கையால்: 37/20 = 1.85. ஒன்றுமே படிக்காத மூவரை விட்டுவிட்டு 17-ஆல் வகுப்பதும் தவறு. பூச்சியமும் ஒரு மதிப்புதான். அந்த மூவரும் வகுப்பில் இருக்கிறார்கள்.

இதே அட்டவணையில் முகடு, அதாவது மிக அதிகமாக வரும் மதிப்பு, எது என்று கேட்டால் 6 என்று பதில் வரும். 6 நிகழ்வெண், அதாவது அந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்பது; முகடு 2. இடைநிலை அளவுக்கு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்புக்கு, 10-ஆவது, 11-ஆவது ஆட்களைப் பார்க்க வேண்டும்: 3, 3 + 5 = 8, 8 + 6 = 14. இருவருமே மூன்றாவது வரிசையில் விழுகிறார்கள், ஆகவே இடைநிலையும் 2.

அட்டவணை இல்லாமல் எண்களை மட்டும் கொடுத்தால் இடைநிலையில் ஒரே ஒரு பெரிய பள்ளம்: வரிசைப்படுத்த மறப்பது. 7, 3, 9, 3, 12 என்பதில் நடுவில் 9 இருக்கிறதே என்று எழுதிவிடுவார்கள். ஏறுவரிசையில் 3, 3, 7, 9, 12; விடை 7. இரண்டு 3-களில் ஒன்றை விட்டுவிடக்கூடாது.

சராசரிகளின் சராசரி எடுப்பதைப் படித்தவர்களும் தயங்காமல் செய்கிறார்கள். 40 பேர் உள்ள பிரிவின் சராசரி 60, 10 பேர் உள்ள பிரிவின் சராசரி 80. சேர்த்தால் 70 என்று எழுதக்கூடாது. மொத்த மதிப்பெண் 2,400 + 800 = 3,200, ஆட்கள் 50, சராசரி 64. இரு பிரிவிலும் சம எண்ணிக்கை இருந்தால் மட்டுமே 70 சரி.

சராசரியா, இடைநிலையா, எதைச் சொல்வது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 10, 11, 12, 13, 94. சராசரி 28, அந்த 28-க்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் இல்லை. இடைநிலை 12. 94-ஐ 940 ஆக மாற்றினாலும் இடைநிலை அசையாது.

படங்களில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். வட்ட விளக்கப்படத்தில் 36 சதவீதத்துக்கு 36 பாகை வரைந்துவிடுவது. அங்கே முழுமை 100 அல்ல, 360, ஆகவே 129.6 பாகை. பட்டை விளக்கப்படத்தில் அளவுகோல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் விடுவது. 96-க்கும் 98-க்கும் உள்ள பட்டைகளை 95-இலிருந்து வரைந்தால் ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு உயரமாகத் தெரியும்.

கடைசியாக, கீழே உள்ள எண் எவ்வளவு பெரியது என்பதைவிட அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியமாகிற இடம் ஒன்று உண்டு. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற வார இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச் சீட்டு மாதிரியை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது இதழ். 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகள் தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தக் காலத்தில் அவை இல்லாத வீடுகள் ஏராளம். போதாததற்கு, சீட்டு போய்ச் சேர்ந்தவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கே பதில் போட்டார்கள். மற்ற மூவர் என்ன நினைத்தார்கள் என்பது எண்ணிக்கையில் வரவே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் இதழும் நின்றுபோனது.