ரூட் மாறினால் யாரைக் கேட்பது? சரக்கு ஒப்பந்தத்தில் பாதை ஷரத்து எழுதும் முறை

என் மேசைக்கு வரும் சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் கட்டணத்துக்கு இரண்டு பக்கம், தாமத அபராதத்துக்கு ஒரு பக்கம் இருக்கும். பாதைக்கு ஒரே வரிதான்: "சரக்கு வழக்கமான பாதையில் கொண்டு செல்லப்படும்." சில ஒப்பந்தங்களில் அதுகூட இருக்காது.

அந்த வரியைத் தப்பு என்று சொல்ல முடியாது. சர்வதேச விற்பனைக்கான இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளிலேயே, போக்குவரத்துக் கட்டணத்தை விற்பவரே கட்டும் சிஐஎஃப், சிபிடி வகை விற்பனைகளில் வழக்கமான பாதையில் அனுப்ப ஏற்பாடு செய்வதுதான் விற்பவரின் கடமை. ஆனால் வழக்கமான பாதை அடைபட்டுப்போனால் என்ன செய்வது என்பதற்கு அந்த வரியில் பதில் கிடையாது. 1956 நவம்பரில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது போர்ட் சூடானிலிருந்து ஹாம்பர்க்குக்கு நிலக்கடலை அனுப்ப ஒப்புக்கொண்டிருந்த ஒரு வியாபாரி, இனி ஒப்பந்தமே செல்லாது என்று கையை விரித்தார். அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1961இல் அதை ஏற்கவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல், செலவும் ஏறும். ஆனாலும் வழி இருக்கிறதல்லவா, அனுப்பியிருக்க வேண்டும் என்றது. சூயஸ் வழியாகத்தான் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை.

அதனால் பாதை ஷரத்து எழுத உட்காரும்போது வரைபடத்தைவிட எனக்கு முக்கியமான கேள்விகள் மூன்று. வழி மாற வேண்டி வந்தால் முடிவெடுப்பது யார், எவ்வளவு நேரத்துக்குள், அந்தச் செலவு யார் தலையில். இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் விவரம்தான்.

முதலில் பாதையை எப்படிக் குறிப்பது என்று பார்ப்போம். சரக்கு அனுப்பும் தரப்புக்கு எப்போதும் ஒரு ஆசை இருக்கும்: சாலை எண் உட்பட எல்லாவற்றையும் தாமே எழுதிக் கொடுத்துவிடுவது. அவசரப்பட வேண்டாம். வழியை நீங்கள் இம்மி பிசகாமல் வகுத்துக் கொடுத்தால், அந்த வழியில் இருக்கும் தாழ்வான பாலமும் உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. "நீங்க சொன்ன ரூட்லதானே சார் போனோம்" என்று டிரான்ஸ்போர்ட்டர் (ஒப்பந்த மொழியில் கேரியர்) சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. மொபைல் மேப்பில் இணைப்பை எடுத்து ஒப்பந்தத்தில் ஒட்டுவது அதைவிட மோசம். அது நெரிசலைப் பார்த்து மணிக்கொரு வழி காட்டும். அதுவும் பெரும்பாலும் காருக்கான வழி. லாரியின் உயரமோ அச்சுச் சுமையோ அதற்குத் தெரியாது.

நான் எழுதுவது ஒரு நடைபாதை மாதிரி: இரண்டு பக்கமும் சுவர், நடுவில் எப்படி நடப்பது என்பது நடப்பவர் இஷ்டம். ஏற்றுமிடம், இறக்குமிடம், கட்டாயம் கடந்தாக வேண்டிய இடங்கள், போகவே கூடாத இடங்கள், இவ்வளவுதான் வேண்டும். இப்படி இருக்கும்:

"கேரியர் இணைப்பு 1இல் உள்ள கட்டாய இடங்கள் வழியாக மட்டுமே சரக்கைக் கொண்டு செல்ல வேண்டும். இணைப்பு 2இல் உள்ள பகுதிகளுக்குள் வாகனம் நுழையக் கூடாது. இவற்றுக்கு உட்பட்டு, வாகனத்தின் உயரம், எடை, சரக்கின் தன்மை ஆகியவற்றுக்குப் பொருத்தமான சாலையைத் தேர்ந்தெடுப்பது கேரியரின் பொறுப்பு. அடிப்படைத் தூரம் 640 கிலோமீட்டர் என்று இரு தரப்பும் ஏற்கின்றன."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் பணக் கணக்கு முழுவதும் அந்த எண்ணில்தான் நிற்கும். ஆபத்தான சரக்கென்றால் இணைப்பு 2 இன்னும் நீளும். ஐரோப்பாவில் ஏடிஆர் உடன்படிக்கைப்படி சுரங்கச் சாலைகளையே ஏ முதல் ஈ வரை வகைப்படுத்தியிருக்கிறார்கள். எந்தச் சரக்கு எதற்குள் போகலாம் என்பதைச் சரக்கின் ஆவணமே சொல்லிவிடும்.

அடுத்தது விலகல். எந்தெந்தக் காரணத்துக்காக வழி மாறலாம்? கடல் வழிச் சரக்குக்கு ஹேக்-விஸ்பி விதிகள் ஒரு அடிப்படையைத் தருகின்றன: உயிரையோ உடைமையையோ காப்பாற்றுவதற்காக விலகினாலும், நியாயமான காரணத்துக்காக விலகினாலும் அது ஒப்பந்த மீறல் ஆகாது. இதில் 'நியாயமான' என்பதை வைத்துத்தான் இத்தனை வருடச் சண்டையும். 1930களின் ஆரம்பத்தில் வந்த ஒரு வழக்கில், நிலக்கரி ஏற்றிய கப்பல் இயந்திரச் சோதனைக்காக ஏறிய பொறியாளர்களை இறக்கிவிட வழியை விட்டு விலகியது. பிறகு சரியான வழிக்குத் திரும்பாமலே கரையோரமாகப் போய்த் தரைதட்டியது. பொறியாளர்களை இறக்கிவிட்டது கப்பல்காரரின் சொந்த வேலை, சரக்குக்காரருக்கு அதில் என்ன லாபம் என்று நீதிமன்றம் கேட்டது. உங்கள் ஷரத்திலும் இந்தக் கோட்டைப் போடுங்கள்: சரக்குக்காகவோ பாதுகாப்புக்காகவோ மாறினால் சரி. வேறொரு பார்ட்டியின் லோடை எடுக்கவோ, டீசல் மலிவாகக் கிடைக்கும் இடத்துக்கோ, டிரைவரின் சொந்த வேலைக்கோ மாறினால் அது மீறல்தான்.

பொடி எழுத்தில் அச்சடித்த 'எங்கும் போகலாம்' ஷரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1893இல் தீர்ப்பான ஆரஞ்சு வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. மலாகாவிலிருந்து லிவர்பூலுக்கு ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல், நேர் எதிர்த் திசையில் ஸ்பெயினின் கிழக்குக் கரைக்குப் போய்விட்டுத் திரும்பியது. ஆரஞ்சு கெட்டுப்போனது. கப்பல்காரர் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் மத்தியதரைக் கடல், கருங்கடல், ஆப்பிரிக்கக் கரை என்று எங்கு வேண்டுமானாலும் போகலாம் என அச்சாகியிருந்தது. நீதிமன்றம் அதைச் சட்டை செய்யவில்லை; அழுகும் பழத்தை லிவர்பூலில் சேர்ப்பதுதான் ஒப்பந்தத்தின் நோக்கம், அந்த வழியில் உள்ள துறைமுகங்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை என்றது. தீர்ப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆரஞ்சு போனது போனதுதான். அப்படி ஒரு ஷரத்தைக் கண்டால் கையெழுத்துக்கு முன்பே அடித்துவிடுங்கள்.

முடிவெடுப்பது யார் என்பதில் இரண்டு வகை முடிவுகளைக் கலக்கக் கூடாது. ஒன்று வியாபார முடிவு: குறுகிய வழியா, சுற்று வழியா. மற்றது பாதுகாப்பு முடிவு: இந்தப் புயலில் இப்போது போகலாமா. 'ஹில் ஹார்மனி' என்ற கப்பலை வாடகைக்கு எடுத்தவர்கள், வான்கூவரிலிருந்து ஜப்பானுக்கு வடக்கே வளைந்து போகும் குறுகிய வழியில் போகச் சொன்னார்கள். முன்பு மோசமான வானிலையில் அடிவாங்கிய கேப்டன் தெற்கே நீண்ட வழியில் போனார். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபை வாடகைக்கு எடுத்தவர் பக்கம் நின்றது: வழியைத் தேர்வது வியாபார உத்தரவு, அதைக் கேப்டன் கேட்டாக வேண்டும், உண்மையான ஆபத்து இருந்தால் மட்டும் மறுக்கலாம். நான் லாரி ஒப்பந்தத்திலும் இதையே கடைப்பிடிக்கிறேன். வாகனம் ஓட்டுபவர் பாதுகாப்புக்காக நிறுத்தினாலோ திரும்பினாலோ அபராதம் கிடையாது. காரணத்தை அன்றைக்கே எழுதிக் கொடுத்தால் போதும். தாமத அபராதத்தைக் காட்டி ஒரு மனிதரை வெள்ளத்துக்குள் ஓட்டவைக்கும் ஷரத்தை நான் எழுத மாட்டேன்.

அப்புறம் நேரம். சர்வதேசச் சாலைப் போக்குவரத்துக்கான 1956ஆம் ஆண்டின் சிஎம்ஆர் உடன்படிக்கை இதற்கு நல்ல முன்மாதிரி. ஒப்பந்தத்தில் சொன்னபடி கொண்டுபோக முடியாவிட்டால் சரக்கின் மீது உரிமை உள்ளவரிடம் கேரியர் உத்தரவு கேட்க வேண்டும். வேறு விதமாகக் கொண்டுபோக முடியும், ஆனால் நியாயமான நேரத்தில் உத்தரவு வரவில்லை என்றால், அந்த உரிமை உள்ளவருக்கு எது நல்லதோ அதைக் கேரியரே செய்யலாம். 'நியாயமான நேரம்' என்பதை நான் எண்ணாக மாற்றிவிடுவேன்: தடை தெரிந்த 2 மணி நேரத்துக்குள் தகவல், தகவல் வந்த 3 மணி நேரத்துக்குள் பதில். பதில் இல்லையென்றால் கேரியரின் முடிவே செல்லும். அழுகும் சரக்கென்றால் இதைப் பாதியாக்குங்கள். தகவல் யாருக்கு என்ற இடத்தில் 'நிறுவனத்துக்கு' என்று எழுதினால் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். ராத்திரி 2 மணிக்குப் போனை எடுக்கக் கூடியவரின் பதவியும் எண்ணும் வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவரின் எண்ணும் வேண்டும்.

பணத்துக்கு வருவோம். காரணத்தை வைத்துப் பிரிப்பதுதான் எளிது. அனுப்புபவர் கேட்டு மாறினால் முழுச் செலவும் அவருடையது. கேரியரின் வசதிக்காகவோ, வாகனம் அந்த வழிக்குப் பொருந்தாததாலோ மாறினால் கேரியருடையது. யார் தப்பும் இல்லாமல் சாலை மூடல், நிலச்சரிவு, கலவரம் என்று வந்தால் பேசி ஒரு விகிதம் வையுங்கள். நான் பெரும்பாலும் கூடுதல் தூரம் அடிப்படைத் தூரத்தில் 5 சதவீதம் வரை என்றால் கேரியர், அதற்கு மேல் போவது அனுப்புபவர் என்று வைப்பேன். கூடுதல் கிலோமீட்டருக்கு ஒப்பந்த விகிதம், டோலுக்கு ரசீதுப்படி, காத்திருப்புக்குத் தனி விகிதம். இவற்றுக்கு மேல் 'இதர செலவு' என்று ஒரு வரி வந்தால் ஏற்க வேண்டாம். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் பெரிய நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. கூடவே கூடுதல் கட்டணங்களும் வந்தன. 'அவ்வப்போது அறிவிக்கப்படும் கட்டணங்கள் பொருந்தும்' என்று கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பேரம் பேச இடமே இல்லை. போர் அபாயத்துக்கு மட்டும் சொந்தமாக எழுத முயல வேண்டாம். கப்பல் துறையில் பிம்கோ அமைப்பின் தயார் ஷரத்துகள் இருக்கின்றன, அவற்றை எடுத்துத் திருத்துங்கள்.

வழி மாறினால் ஒப்படைக்கும் நேரமும் தானாக நகர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அதைத் தின்றுவிட்டுத்தான் பழைய நேரத்துக்குப் போய்ச் சேர முடியும் என்றால், சட்டத்தை மீறச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஜிபிஎஸ் பதிவுதான் சாட்சி என்று எழுதுங்கள். எவ்வளவு விலகினால் விலகல் என்பதையும் எழுதுங்கள். சாப்பாட்டுக்கு 300 மீட்டர் தள்ளி நிறுத்தியதற்கெல்லாம் கடிதம் பறக்கக் கூடாது. சுரங்கத்துக்குள் சிக்னல் அறுந்துபோவது வேறு, வண்டி 40 நிமிடம் காணாமல் போவது வேறு.

கையெழுத்துக்கு முன் இரண்டு வேலை பாக்கி. பாதைப் பத்தியை அப்படியே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பி, இந்த வழிக்கும், மாற்று வழிக்கும், நடுவில் வண்டி மாற்றி ஏற்றுவதற்கும் காப்பு உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அடுத்து, டிரான்ஸ்போர்ட்டர் தரும் வே-பில் என்ற சரக்குச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'எந்த வழியிலும், எந்த வாகனத்திலும், துணை ஒப்பந்ததாரர் மூலமும்' என்று அங்கே இருக்கும். முரண்பட்டால் இந்த ஒப்பந்தமே மேலோங்கும், துணை ஒப்பந்ததாரரையும் இதே பாதை ஷரத்து கட்டுப்படுத்தும் என்று சேர்த்துவிட்டு, இணைப்பு 1, 2 இரண்டிலும் பக்கத்துக்குப் பக்கம் இரு தரப்பிடமும் சுருக்கக் கையெழுத்து வாங்குங்கள்.