வீட்டு டாப்ளரில் கேட்பது குழந்தையின் துடிப்புதானா?

முதல் ஸ்கேனில் திரையில் மினுக்கென்று துடித்த புள்ளியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்களுக்கு, அடுத்த பரிசோதனை வரையுள்ள மூன்று நான்கு வாரங்களைக் கடத்துவது பெரும்பாடு. வயிறு இன்னும் தெரியாது, அசைவும் தொடங்கியிருக்காது, மசக்கை திடீரென்று குறைந்தால் நிம்மதி வருவதற்குப் பதிலாகப் பயம்தான் வரும். குழந்தையின் இதயத்துடிப்பை வீட்டிலேயே கேட்பதற்கான கையடக்க டாப்ளர் கருவியைப் பலரும் இணையத்தில் வாங்குவது இந்த இடைவெளியில்தான். என் இரண்டாவது கர்ப்பத்தின்போது நானும் வாங்கினேன். 13-ஆம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் தேடியும் ஒன்றும் கேட்காமல் அழுதுகொண்டே தூங்கினேன். மறுநாள் செவிலியர் அரை நிமிடத்தில் துடிப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். இந்தக் கருவியை வாங்கும்படி யாருக்கும் நான் சொல்வதில்லை. ஆனால் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதைச் சரியாகக் கையாளத் தெரிந்துகொள்வது அவசியம்.

கருவியின் முனையில் இருக்கும் படிகம் நம் காதுக்கு எட்டாத மீயொலியை, பெரும்பாலும் 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ் அளவில், வயிற்றுக்குள் அனுப்புகிறது. அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். ஆஸ்திரிய அறிவியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் விளக்கிய இந்த மாற்றத்தைத்தான் கருவி ஒலியாக்கி ஸ்பீக்கரில் தருகிறது. ஆக, நமக்குக் கேட்பது குழந்தையின் இதயம் எழுப்பும் ஓசையே இல்லை, அசைவைக் கண்டு கருவி உண்டாக்கும் ஓசை. தாயின் ரத்தக்குழாய், நஞ்சுக்கொடியில் பாயும் ரத்தம், தாயின் குடல், குழந்தையின் உதை என்று எது அசைந்தாலும் கருவி ஓசை எழுப்பும். குழப்பங்கள் அனைத்துக்கும் வேர் இதுதான்.

12 வாரம் முடிவதற்குள் வீட்டில் தேடவே வேண்டாம். அதுவரை கருப்பை இடுப்பெலும்புக்குள் தாழ்ந்தே இருப்பதால், பழகிய கைகளுக்குக்கூட 10 முதல் 12 வாரத்தில்தான் துடிப்பு அகப்படத் தொடங்கும். வீட்டில் தேடுபவர்களுக்கு 14, 16 வாரம் ஆவது சாதாரணம். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் இருந்தாலோ, வயிற்றில் கொழுப்பு கூடுதலாக இருந்தாலோ இன்னும் தாமதமாகலாம். ஸ்கேன் அறிக்கையில் நஞ்சுக்கொடி முன்பக்கம் என்று குறிப்பிட்டிருந்தால், கருவியை எடுப்பதற்கு முன்பே அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெதாஸ்கோப்பிலும், செவிலியர்கள் காலம் காலமாகப் பயன்படுத்திவரும் புனல் வடிவப் பினார்டு குழலிலும் 18, 20 வாரத்துக்குப் பிறகே கேட்க வாய்ப்புண்டு, அதற்கும் பயிற்சி வேண்டும். செல்போனின் மைக்கை வயிற்றில் வைத்தால் போதும் என்று சொல்லும் செயலிகளை நம்ப வேண்டாம். மீயொலியை அனுப்பும் படிகம் போனில் இல்லை, அதில் கேட்பது உங்கள் நாடியாகவோ துணி உரசும் சத்தமாகவோதான் பெரும்பாலும் இருக்கும்.

தேடத் தொடங்குமுன் தலையணையில் சற்றுச் சாய்ந்து, முழங்காலை லேசாக மடக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். தொடக்க வாரங்களில் சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருந்தால் கருப்பை மேலே தள்ளப்பட்டு, தேடுவது எளிதாகும். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து வெகுநேரம் படுத்தால் கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டிய பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும் என்பதால், வலது இடுப்புக்கு அடியில் ஒரு சிறு தலையணையை வைத்து இடப்பக்கம் சாய்ந்துகொள்ள வேண்டும். முனையில் ஜெல்லைத் தாராளமாகத் தடவுங்கள். மீயொலி காற்றைக் கடந்து செல்லாது. தோலுக்கும் முனைக்கும் நடுவே சிறிது காற்று இருந்தாலும் கரகரப்பு மட்டுமே மிஞ்சும். மருந்துக்கடையில் அல்ட்ராசவுண்ட் ஜெல் என்று கேட்டாலே கொடுப்பார்கள். தேங்காய் எண்ணெயும் வாசலினும் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது, முனையையும் கெடுத்துவிடலாம்.

14-ஆம் வாரத்தை ஒட்டி என்றால், அடிவயிற்றில் ரோமம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, நடுக்கோட்டில் முனையை வைத்து, நுனியைக் கால் பக்கமாகக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். 20-ஆம் வாரத்தில் கருப்பையின் மேல் விளிம்பு தொப்புளை எட்டியிருக்கும். அப்போது தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் இடைப்பட்ட பகுதியில் தேட வேண்டும். கடைசி மாதங்களில் குழந்தை தலைகீழாகத் திரும்பியிருந்தால், அதன் முதுகு இருக்கும் பக்கம் தொப்புளுக்குக் கீழே இடமாகவோ வலமாகவோ துடிப்பு மிகத் தெளிவாகக் கேட்கும். புதிதாகத் தேடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, முனையை வயிறு முழுக்கத் தேய்த்து ஓட்டுவது. வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் மிக மெதுவாகச் சாய்த்து நாற்புறமும் துழாவ வேண்டும். கேட்காவிட்டால் ஒரு விரல் அகலம் தள்ளி மறுபடியும் அதையே செய்ய வேண்டும். நான் அழுத அன்று என் முனை தொப்புளுக்கு அருகே இருந்தது. செவிலியர் அதை அங்கிருந்து வெகுவாகக் கீழே இறக்கிச் சாய்த்தவுடன் ஒலி வந்துவிட்டது.

ஒலி கேட்டவுடன் மகிழ்ந்துவிடாமல், முதலில் அது யாருடையது என்று பாருங்கள். இடது கையின் இரண்டு விரல்களை வலது மணிக்கட்டில் வைத்து உங்கள் நாடியை உணர்ந்துகொண்டே (முனையை அருகில் இருப்பவர் பிடித்துக்கொள்ளட்டும்) ஸ்பீக்கரைக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால், கருவியின் திரையில் எந்த எண் வந்தாலும் சரி, அது உங்கள் துடிப்புதான். காற்று மரக்கிளையில் மோதுவது போன்ற 'வூஷ், வூஷ்' ஓசை கருப்பைக்கும் நஞ்சுக்கொடிக்கும் செல்லும் ரத்தத்தினுடையது. அதுவும் உங்கள் நாடியோடு சேர்ந்தே நடக்கும். குழந்தையின் துடிப்போ குதிரை ஓடுவதுபோல் வேகமாகவும், 'டக்டக், டக்டக்' என்று இரட்டை அடியாகவும், நாடியோடு ஒட்டாமலும் ஓடும். பதற்றத்தில் தாயின் நாடியே 110, 120-ஐத் தொட்டுவிடும் என்பதால் வேகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மணிக்கட்டில் விரல் வைக்காமல் கேட்ட எந்தத் துடிப்பையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

திரையில் தெரியும் எண்ணையும் அப்படியே ஏற்க வேண்டாம். மலிவான கருவிகள் ஓர் அடியை இரண்டாக எண்ணித் தாயின் 70-ஐ 140 என்று காட்டிவிடுவதுண்டு. ஒரு தாளும் பேனாவும் எடுத்து, 15 விநாடிக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி வைத்து, பிறகு புள்ளிகளை எண்ணி நான்கால் பெருக்குங்கள். 36 புள்ளி என்றால் நிமிடத்துக்கு 144. 9 வாரத்தை ஒட்டி 170 வரை இருக்கும் துடிப்பு பின்னர் மெல்லக் குறைந்து, கர்ப்பத்தின் பிற்பகுதியில் 110-க்கும் 160-க்கும் இடையே நிற்கும். குழந்தை அசையும்போது எண் சற்று ஏறி இறங்குவது இயல்பே. 140-க்கு மேல் போனால் பெண், குறைந்தால் ஆண் என்று வீட்டுப் பெரியவர்கள் கணக்குப் போட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். துடிப்புக்கும் பாலினத்துக்கும் தொடர்பில்லை.

ஒருமுறை கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும், அதுவும் தினமும் வேண்டாம். மீயொலி திசுக்களைச் சற்றுச் சூடாக்கக் கூடியது. அதனால் தீங்கு நேர்ந்ததாக நிறுவப்படவில்லை என்றாலும், தேவையில்லாத இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதே மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் நெறி. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் 2014-இல் இதைச் சுட்டிக்காட்டி, மருத்துவ மேற்பார்வை இல்லாமல் வீட்டு டாப்ளர்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. ஐந்து நிமிடத்தில் கேட்கவில்லையென்றால் ஜெல்லைத் துடைத்து, முனையை மென்துணியால் சுத்தம் செய்து உள்ளே வைத்துவிடுங்கள். 16 வாரத்துக்கு முன் கேட்காமல் போவதற்குப் பெரும்பாலும் முனை வைத்த இடமே காரணம். அப்படியும் மனம் அமைதியடையாவிட்டால் அன்றைக்கே உங்கள் மருத்துவரை அழைத்துக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கருவியைத் தொடவே கூடாத சமயம் எது என்பது. 2009-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்று 38 வாரக் கர்ப்பிணி ஒருவரைப் பற்றி எழுதியது. அசைவு குறைந்ததை அவர் உணர்ந்திருந்தார். வீட்டு டாப்ளரில் துடிப்பு கேட்டதால் பயப்பட ஒன்றுமில்லை என்று காத்திருந்தார். மருத்துவமனைக்கு வந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. அவர் கேட்டது தன் சொந்த நாடியாகவோ நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டமாகவோ இருந்திருக்க வேண்டும். உண்மையிலேயே குழந்தையின் துடிப்பைக் கேட்டிருந்தாலும் அது போதுமான ஆறுதலாக இருந்திருக்காது. ஆக்சிஜன் குறையும்போது குழந்தை முதலில் அசைவைக் குறைத்துத் தன் சக்தியைச் சேமிக்கும். இதயம் அதற்குப் பிறகும் துடித்துக்கொண்டிருக்கும். மருத்துவமனையில் சி.டி.ஜி. கருவி குறைந்தது இருபது நிமிடமாவது தொடர்ந்து ஓடி, துடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது, அசைவுக்கும் கருப்பைச் சுருக்கத்துக்கும் எப்படி ஈடுகொடுக்கிறது என்று வரைபடமாகக் காட்டுவது இதற்காகவே. ஸ்பீக்கரில் கேட்கும் ஒரு நிமிடத் துடிப்பிலிருந்து அதைப் படித்தறிய நம்மால் முடியாது.

எனவே அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, அதன் போக்கு மாறினாலோ, ரத்தப்போக்கு, பனிக்குடநீர்க் கசிவு, கடும் தலைவலி, கண் மங்கல், விடாத வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலோ, டாப்ளரை எடுத்துச் சரிபார்ப்பதில் நேரம் செலவிடாமல் உடனே பிரசவப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரவு இரண்டு மணியானாலும் அது திறந்தே இருக்கும்; வண்டி இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கலாம். அங்கே போனதும் அசைவு எப்போதிலிருந்து குறைந்தது, கடைசியாக நன்றாக அசைந்தது எப்போது என்பதை முதலில் சொல்லுங்கள். வீட்டில் துடிப்பு கேட்டது என்று வீட்டார் இடையில் சொன்னாலும், அதனால் பரிசோதனை தள்ளிப்போக விடாமல் சி.டி.ஜி. எடுக்கும்படி கேளுங்கள்.