புத்தகம் பரிந்துரைக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், புதிதாக வந்த புத்தகங்களை அறிமுகப்படுத்தும் வேலையை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். சென்ற ஆண்டிலிருந்து கல்லூரி மாணவர்கள் சிலர் எனக்குத் துணையாக வருகிறார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள்தாம், ஆர்வத்திலும் குறைவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவரிடம் அவர்கள் பேசுவதைக் கேட்கும்போது, நான் தடுக்கி விழுந்த அதே கல்லில் அவர்களும் கால் வைப்பது தெரிகிறது. படிக்காத புத்தகத்தைப் படித்ததுபோல் புகழக் கூடாது, தெரிந்தவர் எழுதியதை எல்லோர் தலையிலும் கட்டக் கூடாது என்பவற்றையெல்லாம் ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவதாலேயே தவறு என்று தெரியாமல் போகிறவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

புதிய அட்டையைப் புதிய புத்தகம் என்று நம்புவது

“புதுசா என்ன வந்திருக்கு?” என்று கேட்பவருக்கு, அவருடைய பாட்டி தொடர்கதையாகப் படித்து முடித்த நாவலை எடுத்துக் கொடுத்தவன் நான். தமிழில் இந்தப் பிழை எளிதாக நேர்வதற்குக் காரணம் உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியரின் நூலை எந்தப் பதிப்பகமும் வெளியிடலாம். கல்கி 1954-இல் மறைந்தார்; அவருடைய எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாயின. அன்றிலிருந்து ஒரே நாவல் எத்தனையோ அட்டைகளில், எத்தனையோ விலைகளில் வந்துகொண்டிருக்கிறது. பதிப்பு விவரப் பக்கத்தில் “முதற்பதிப்பு” என்றிருப்பது அந்தப் பதிப்பகத்தின் முதற்பதிப்பாக மட்டும் இருக்கலாம். ஆகவே அந்தச் சொல்லை நம்பாமல், முன்னுரைக்குக் கீழே இருக்கும் தேதியைப் பாருங்கள். மொழிபெயர்ப்பாக இருந்தால் மூலநூல் வந்த ஆண்டைத் தேடுங்கள். “சுருக்கம்” என்ற சொல் எங்காவது பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பரிசின் பெயரை வாசகரின் வயதாக எடுத்துக்கொள்வது

சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 2011-இலும் பால சாகித்திய புரஸ்கார் 2010-இலும் தொடங்கப்பட்டன. இரண்டாவது, குழந்தை இலக்கியத்துக்கு உரியது. முதலாவதில் உள்ள 35 வயது வரம்போ எழுதியவருக்கு உரியது, படிப்பவருக்கு அன்று. எங்கள் மாணவர் ஒருவர் இந்த வேறுபாட்டை அறியாமல், யுவ புரஸ்கார் பெற்ற ஒரு சிறுகதைத் தொகுப்பை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் அந்தப் பிள்ளையின் தாய் மூன்றாவது கதையை விரித்துப் பிடித்தபடி நூலகத்துக்கு வந்தார். அப்போது அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவனாக நான்தான் அங்கே இருந்தேன்.

வயதைக் கேட்டுவிட்டு அலமாரிக்குத் திரும்புவது

இதை மட்டும் சற்றே எரிச்சலோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கும் பிறருக்கும் அதிகம் செலவு வைத்த தவறு இதுதான். வருகிறவரிடம் “யாருக்கு?” என்று கேட்கிறோம்; “என்ன வயது?” என்று கேட்கிறோம், உடனே அலமாரியின் பக்கம் திரும்பிவிடுகிறோம். பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் “8 முதல் 12 வயது வரை” என்பது, புத்தகத்தை எந்தத் தட்டில் அடுக்குவது என்று கடைக்காரருக்கு உதவுகிற குறிப்பு. ஒரு குறிப்பிட்ட பிள்ளை எதைப் படிக்கும் என்பதை அது சொல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி ஒன்றில் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துத் தரச் சொன்னார்கள். இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள். விலைப்பட்டியல்களை விரித்துவைத்துக்கொண்டு, வயதுக் குறிப்புகளின்படி நான்கு வகுப்புகளுக்கும் ஒரே மாலையில் பங்கு பிரித்துவிட்டேன். அன்றைக்கு அதைப் பற்றிப் பெருமையும் பட்டேன். ஆறு மாதம் கழித்துப் போய் பீரோவைத் திறந்தபோது, ஒன்பதாம் வகுப்புத் தட்டில் இருந்தவற்றின் கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டுகளில் ஒரு முத்திரைகூட விழுந்திருக்கவில்லை. முதுகு கிழிந்து, நூல் பிரிந்து, ஆள் படித்ததற்கான அடையாளத்தோடு இருந்தவை மூன்றே புத்தகங்கள்: பாம்புகளைப் பற்றிய ஒன்று, விடுகதைத் தொகுப்பு ஒன்று, இயந்திரங்கள் எப்படி இயங்குகின்றன என்று படத்தோடு விளக்கும் ஒன்று. மூன்றையும் நான் ஆறாம் வகுப்புக்கு ஒதுக்கியிருந்தேன். படித்துக் கிழித்தவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள்.

அந்த வகுப்பில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் நான் கேட்கவில்லை. அவர்களுக்கு இருநூற்று நாற்பது பக்க நாவலைப் பொடி எழுத்தில் வாங்கிவைத்திருந்தேன். எளிதாக இருக்குமே என்று அங்கேயே ஒருவனிடம் சிறுவர் கதை ஒன்றை நீட்டினேன். அட்டையில் கவுன் போட்ட யானைக்குட்டி ஒன்று நின்றது. மீசை அரும்பத் தொடங்கியிருந்த அந்தப் பையன் அதை வாங்காமலே, “இது எங்க தம்பி படிக்கிறது சார்” என்றான். எழுத்தில் ஒருவருக்கு உள்ள பழக்கம் வேறு. வாழ்க்கையில் அவருக்கு உள்ள பழக்கம் வேறு. தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் தந்தைக்கு விடுமுறை நாளில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்கு, வாக்கியம் சிறிதாகவும் பொருள் பெரிதாகவும் உள்ள புத்தகம் வேண்டும். அப்படிப்பட்டவை தமிழில் குறைவு என்பது உண்மை. ஆனால் உயிரினங்கள், தொழில்கள், பயணம், விளையாட்டு ஆகியவற்றைப் பற்றிய நூல்களில் அவை கிடைக்கும். கதைத் தட்டிலேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

தமிழில் படிக்கப் பழகுகிறவரைத் தடுப்பது பெரும்பாலும் கருத்தாக இருப்பதில்லை. ஒட்டி ஒட்டி நீளும் சொல்தான் தடுக்கிறது. “வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தெல்லாம்” என்ற ஒற்றைச் சொல்லைக் கடப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடுகிறது. அடுத்தது வட்டார வழக்கு. நெல்லைப் பேச்சோ கொங்குப் பேச்சோ நிரம்பிய நாவலை நாம் சுவைத்துப் படிப்போம். அந்தச் சொற்களைக் காதால் கேட்டறியாத வேலூர்ப் பிள்ளை அவற்றை அச்சுப் பிழை என்று நினைத்து மூடிவைத்துவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் போன்ற ஊர்களில் வீட்டில் உருது பேசுகிறவர்களும், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கங்களில் தெலுங்கு பேசுகிறவர்களும் நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் தமிழைப் பள்ளியில் எழுத்தாகக் கற்றவர்கள். ஆகையால் பேச்சுத்தமிழ் உரையாடல் நிறைந்த நூலைவிட நேரான எழுத்துத்தமிழ் நூல் அவர்களுக்கு எளிதாக இருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். வயதைக் கேட்பதால் இவற்றில் ஒன்றும் தெரியவராது.

முதியவர்களிடம் நாம் செய்வது இதைவிட மோசம். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் உறுப்பினராகச் சேர்ந்த அன்றே, அவருடைய நரைமுடியைப் பார்த்து ஆன்மிக நூல்கள் இரண்டை எடுத்து வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாவறதுக்கு இன்னும் நாளிருக்குது தம்பி, ஏதாவது கொலைக் கதை இருந்தா குடு” என்றார். பிறகு ஒரு முறை எழுநூறு பக்கத் துப்பறியும் தொகுப்பு ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். கதை பிடித்திருந்தது, ஆனால் அவர் படுத்தபடி படிக்கிறவர், அந்தக் கனத்தைக் கை தாங்கவில்லை. முதியவர்களைப் பொறுத்தவரை புத்தகத்தின் கனத்தையும் எழுத்தின் அளவையும்தான் பார்க்க வேண்டும். எந்த வகை நூல் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து நூலகத் துறைக்கு வந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது ஒன்று; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மற்றொன்று. எங்கள் நூலகச் சுவரிலேயே அது எழுதியிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்துகொண்டுதான் நான் வயதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்க வேண்டியவை வேறு. கடைசியாக முழுவதும் படித்து முடித்தது எது? நாளிதழின் இணைப்பாக இருந்தாலும் சரி. பாதியில் விட்டது எது, எந்த இடத்தில் விட்டீர்கள்? எங்கே, எப்போது படிப்பீர்கள்? இந்த மூன்றாவது கேள்வியின் அருமையை எனக்குக் கற்றுத்தந்தது பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி. அவள் திருப்பித் தரும் புத்தகங்களில் தாள்கள் சேரும் இடுக்கில் பழுப்புத் தூள் படிந்திருக்கும். தட்டினால் மேசையில் கொட்டும். ஒரு நாள் கடிந்துகொண்டேன். அது புகையிலைத் தூள் என்று தலையைக் குனிந்தபடி சொன்னாள். மாலையில் அம்மா, சித்தி, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா ஆகிய நான்கு பேரும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும்போது, அவள் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாளாம். உறுப்பினர் அட்டையில் இருந்த வயதைப் பார்த்து இரண்டு ஆண்டுகளாக நான் கொடுத்துவந்த முயல் கதைகளையும் மந்திரவாதிக் கதைகளையும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த நான்கு பெண்கள். அதன் பிறகு உரக்கப் படித்தால் காதுக்கு இனிமையாக இருப்பவை, அத்தியாயம் சிறிதாக இருப்பவை, பெண்களின் தன்வரலாறுகள், நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகள் என்று தேடிக் கொடுக்கத் தொடங்கினேன். தூள் இப்போதும் கொட்டுகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

வரலாறு கேட்டவருக்கு வரலாற்று நாவல்

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வேலூர்க் கோட்டையில் நடந்த கிளர்ச்சியைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று வந்தான். படிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று ஒரு நாவலைக் கொடுத்தேன். 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்பே சிப்பாய்கள் எழுந்ததும், புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடையும் அதற்குக் காரணமாக இருந்ததும், திப்புவின் குடும்பத்தார் கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்ததும், ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே அதை அடக்கியதும் அந்த நாவலில் இருந்தன. அவற்றோடு ஆசிரியர் படைத்த வீரன் ஒருவனும் அவனுடைய காதலியும் இருந்தார்கள். கட்டுரையில் முதலிடம் அவர்களுக்குத்தான் கிடைத்தது. மதிப்பெண் போனதற்கு மாணவனைக் குறை சொல்ல முடியாது.

கதையைச் சொல்லிவிடுவது

முதல் முப்பது பக்கங்களுக்கு அப்பால் நடப்பதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

ஐந்து பாகத்தையும் ஒன்றாகக் கட்டிக் கொடுப்பது

முதல் பாகம் போதும்.

நம்ம ஊர் எழுத்தாளர் என்பதை மட்டும் காரணமாகச் சொல்வது

திருப்பத்தூரில் பிறந்த மு. வரதராசனின் “அகல் விளக்கு” 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கதையில் வாலாஜாப்பேட்டை வருகிறது. இதைச் சொன்னால் ராணிப்பேட்டைக்காரர் புத்தகத்தை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். ஆனால் ஊர்ப் பாசம் அவரைப் பத்துப் பக்கம் வரைதான் இழுத்துச் செல்லும். இரண்டு நண்பர்களின் வாழ்க்கை வெவ்வேறு வழியில் பிரிந்து போவதைப் பற்றிய கதை என்று சேர்த்துச் சொன்னால்தான் பதினோராம் பக்கத்தைப் புரட்டுவார்.

திரும்பி வந்த புத்தகத்தைப் பார்க்காமல் அடுக்கிவிடுவது

“நல்லா இருந்துச்சு சார்” என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். புத்தகத்தை விரித்துப் பாருங்கள். சென்ற வாரம் ஒருவர் திருப்பித் தந்த நாவலின் 41-ஆம் பக்கத்தில் பேரணாம்பட்டுப் பேருந்துச் சீட்டு ஒன்று இருந்தது. அதற்குப் பின் இருந்த தாள்களில் மடிப்பே விழவில்லை. அந்த இடத்தைப் படித்துப் பார்த்தேன். மூன்று பக்கத்துக்கு ஒரு குடும்பத்தின் வம்சாவளி நீள்கிறது. 45-ஆம் பக்கத்தில் கிணற்றில் பிணம் மிதக்கிறது. புத்தகத்தைத் தட்டில் வைக்கவில்லை. அவர் அடுத்த ஞாயிறு வரும்போது, 44-ஆம் பக்கத்தில் அதே சீட்டை வைத்துத் திரும்பக் கொடுப்பதற்காக மேசை இழுப்பறையில் எடுத்துவைத்திருக்கிறேன்.