விட்டு விட்டு வரும் செக் இன்ஜின் லைட்டும் லிம்ப் மோடும்: பார்ட் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

மேம்பாலம் ஏறும்போது வண்டி திடீரென்று இழுக்க மாட்டேன் என்கிறது. எவ்வளவு மிதித்தாலும் முள் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டவில்லை, டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு வேறு. ஓரங்கட்டி சாவியை அணைத்துப் போட்டால் பழையபடி ஓடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் "நல்லாத்தானே சார் இருக்கு" என்கிறார்.

இதுதான் லிம்ப் மோட். ஏதோ ஒரு சென்சாரிலிருந்து நம்ப முடியாத அளவு வந்ததும், இன்ஜினுக்குச் சேதம் வரக்கூடாதென்று, அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ பவரைக் குறைத்துவிடுகிறது. நாம் பிடிக்க வேண்டியது அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது என்பதை.

ஒரு எச்சரிக்கை. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வரை ஓட்டலாம். படபடவென்று மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். சிவப்பில் ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

படி 1: ஸ்கேனரை மாட்டுங்கள்

காரின் தகவலைப் போனுக்கு அனுப்பும் இஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் ஒன்று போதும். ஐபோன் என்றால் வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகையாகப் பார்த்து வாங்குங்கள். டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஆப் ஏதாவது ஒன்று. பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்; 16-வது பின்னில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும், நாள்கணக்கில் மாட்டியே வைத்தால் பேட்டரி இறங்கும்.

படி 2: படியுங்கள், அழிக்காதீர்கள்

ஆப்பில் "கிளியர்" பட்டன் கண்ணில் படும்படி இருக்கும். கை வைக்காதீர்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றுவதும் வேண்டாம். கோளாறைக் குறிக்கும் எண்ணான ஃபால்ட் கோடோடு (code) சேர்த்து அது வந்த நொடியின் நிலவரத்தையும் ஈசியூ பதிந்து வைத்திருக்கும். அதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். அழித்தால் அதுவும் போய்விடும். விட்டு விட்டு வரும் கோளாறில் நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

ஸ்டோர்டு கோடு, பெண்டிங் கோடு இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்னும் உறுதியாகாத சந்தேகம்தான் பெண்டிங்; விளக்கு அணைந்திருந்தாலும் அது உள்ளே இருக்கலாம்.

படி 3: ஃப்ரீஸ் ஃப்ரேமை வாசிப்பது

டர்போ டீசல் கார் ஒன்றில் பி0299 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போதிய காற்றழுத்தம் தரவில்லை என்று அர்த்தம். இதைக் கூகுளில் தேடினால் முதல் பதிலே "டர்போ மாத்துங்க" என்று வரும், செலவு பல்லாயிரம். ஃப்ரீஸ் ஃப்ரேம் இப்படி இருக்கிறது: 2,200 ஆர்பிஎம், லோடு 95 சதவீதம், கூலன்ட் 88 டிகிரி, மேனிஃபோல்ட் பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) 112 கிலோபாஸ்கல்.

இன்ஜின் சூடாகிவிட்டது, பெடலும் நன்றாக மிதிபட்டிருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தமே சென்னையில் ஏறத்தாழ 101. அப்படியானால் டர்போ கூட்டிக் கொடுத்தது வெறும் 11. நல்ல நிலையில் உள்ள டர்போ டீசலில் இந்த இடத்தில் மொத்தம் 200-ஐ ஒட்டி வர வேண்டும். காற்று எங்கோ கசிகிறது, அல்லது டர்போவுக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை, அல்லது சென்சார் பொய் சொல்கிறது.

மூன்றாவதைச் சுலபமாகச் சோதிக்கலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேனிஃபோல்ட் பிரஷரைப் பாருங்கள். சென்னையில் 100 பக்கம், ஊட்டியில் 78 பக்கம் காட்ட வேண்டும். அங்கேயே தவறாகக் காட்டினால் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.

படி 4: வோல்டேஜ்

நிறுத்திய வண்டியில் 12.6, ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் எந்த சென்சாரையும் தொடாமல் பேட்டரி டெர்மினலையும் எர்த் வயரையும் முதலில் பாருங்கள்.

படி 5: கண்ணும் கையும்

இன்ஜின் ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஓஸ்களை விரலால் தடவுங்கள். மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்திலோ கிளிப்புக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும். ஈரமான கறுப்பு எண்ணெய்க் கறை கையில் ஒட்டினால் அந்த இடத்தை வளைத்துப் பாருங்கள். சாதாரண ஓட்டத்தில் மூடியிருக்கும் கீறல், அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். மேட்டில் மட்டும் கோளாறு வருவது இதனால்தான்.

பென்சில் தடிமனில் சின்ன ஓஸ்களும் இருக்கும். உள்ளே இறக்கைகளின் கோணம் மாறும், வேக்குவத்தால் இயங்கும் விஜிடி டர்போவில் அந்தச் சின்ன ஓஸ் வெடித்தால் அழுத்தம் குறையும். டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிடும் கதவு அழுத்தத்தால் திறக்கும் வேஸ்ட்கேட் வகையில் அதே ஓஸ் வெடித்தால் நேர்மாறாக அழுத்தம் எகிறி பி0234 வரும். எலி கடித்த வயர், வாட்டர் சர்வீஸில் தண்ணீர் புகுந்த கப்ளர், பச்சை பூத்த பின் எல்லாவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 6: ஆட்டிப் பார்ப்பது

பி2138 என்றால் ஆக்சிலரேட்டர் பெடலில் உள்ள இரண்டு சென்சார்களின் கணக்கு ஒத்துப்போகவில்லை. சாவியை ஆன் செய்து, இன்ஜின் ஓடாத நிலையில் ஆப்பில் இரண்டையும் கிராஃபாகப் போட்டுப் பெடலை மெல்ல அழுத்துங்கள். இரண்டு கிராஃபும் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஒருவரை கிராஃபைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பெடல் கப்ளரையும் வயரையும் லேசாக ஆட்டுங்கள். எங்கே ஆட்டும்போது கிராஃப் துள்ளுகிறதோ அங்கேதான் லூஸ் கனெக்‌ஷன். எந்த சென்சார் கோளாறுக்கும் இதே முறைதான்.

படி 7: ஓட்டிப் பதிவு செய்வது

இன்னும் பிடிபடவில்லையா? ரெக்கார்டிங் போட்டுவிட்டு, ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த அதே நிலைமையை உண்டாக்குங்கள்: அதே சூடு, அதே ஆர்பிஎம், அதே மாதிரி ஏற்றம். போனைப் பக்கத்தில் இருப்பவர் பிடிக்கட்டும். ஆர்பிஎம், லோடு, மேனிஃபோல்ட் பிரஷர், வோல்டேஜ் நான்கும் போதும். அதிகம் சேர்த்தால் மலிவு அடாப்டர் திணறும்.

ஓஸையோ கப்ளரையோ சரிசெய்த பிறகுதான் கோடை அழிக்க வேண்டும். அழித்ததும் அதே ஏற்றத்தில் இன்னொரு முறை ஓட்டி, பெண்டிங் கோடு பாருங்கள்.

பி0087 (எரிபொருள் அழுத்தம் குறைவு) வந்தால் மட்டும் ஃபில்டர் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காமன்ரெயில் டீசல் லைனில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஓடும். கசிவைக் கையால் தேடினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்த வேலையை டீசல் பம்ப் பார்ப்பவரிடம் விடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டையும் ரெக்கார்டிங்கையும் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் போங்கள்.