உரிமைத் தொகை 1000 ரூபாய் கணக்கில் ஏறாதபோது செய்தது (என் அனுபவம்)

அம்மாவின் மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பாஸ்புக்கில் பணம் ஏறவில்லை. வங்கியில் கேட்டால், "ஆதார் இணைச்சிருக்கே!" என்றார்கள். சிக்கலே அந்தப் பதிலில்தான் இருந்தது. கேஒய்சிக்காக (வங்கி நம் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்காக) ஆதார் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வாங்க என்பிசிஐ (இந்திய தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம்) பட்டியலில் அதே ஆதாரைப் பதிவது வேறு. எத்தனை கணக்கு வைத்திருந்தாலும் அந்தப் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான். ஆதார் வழி அனுப்பும் தொகை அங்கேதான் போகும்.

மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கியின் பெயரும், ஆக்டிவா இன்ஆக்டிவா என்பதும் தெரியும். ஆதாரில் செல்பேசி எண் இல்லையென்றால் முதலில் அதைச் சேர்க்க வேண்டும். அம்மாவுக்கு, எப்போதோ தொடங்கி மறந்துபோன வேறொரு வங்கியின் பெயர் வந்தது.

அந்தப் பழைய கணக்கில் வரவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு, பணம் வரவேண்டிய வங்கிக் கிளையில் "டிபிடிக்கு ஆதார் சீடிங்" (அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் ஏற ஆதாரைப் பதிவது) என்றே சொல்லி ஒப்புதல் படிவம் கேளுங்கள். வேறு வங்கியிலிருந்து மாற்றுவதற்கான கட்டத்தில் டிக் அடித்து, பழைய வங்கியின் பெயரையும் எழுதுங்கள். பலர் விடுவது இதைத்தான். ஆதார் நகல், பாஸ்புக் நகல் போதும். முத்திரையிட்ட ஒப்புகையை வாங்காமல் கிளம்பாதீர்கள். சில நாள் கழித்து அதே பக்கத்தில் புது வங்கியின் பெயரும் ஆக்டிவ் என்பதும் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பமே நிராகரிக்கப்பட்டிருந்தால் இது உதவாது. அதற்குக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும்.